என்னிடம் சொல்லாத வலிப்பு

செவ்வாய், இரவு

இன்று டாக்டர் அறைக் கதவில் காதை வைத்து ஒட்டுக் கேட்டேன். வெட்கக்கேடுதான். என் வீட்டுக்காரர் டவுன்ஷிப் பேங்கில் துப்பாக்கியோடு காவல் நிற்பவர். லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சான்று கேட்டிருந்தார்கள்.

"வலிப்பு வந்தத என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க சார். பயந்துகினே இருப்பா."

"அவங்ககிட்ட சொல்லமாட்டேங்க. ஆனா போலீசுக்கு எழுதாம இருக்க முடியாது. கையில துப்பாக்கி, சுத்தி ஜனங்க."

துப்பாக்கி போனால் வேலையும் போகும்.

வெளியே வந்தவர், "துப்பாக்கி கனமாம், இனிமே தூக்க வேணாங்கறாரு" என்றார்.

"என்னவிட கனமாய்யா?" என்றேன். சிரித்துவிட்டார். தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரைத் தனியாக விட மனமில்லாமல் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடி அங்கேதான் இருந்திருக்கிறது. நான் உட்கார்ந்ததில் இரண்டு துண்டு.