பதினான்காம் கேட்டும் ஒரு நாய்ச் சங்கிலியும்

அக்டோபர் 19, ஞாயிறு

நான் கேட்டைத் திறக்கவில்லை. இதை முதலில் எழுதி வைத்துவிட வேண்டும். ஏனென்றால் இன்று காலைப் பூசை முடிந்து வெளியே வருவதற்குள் பதினோரு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, நான்தான் திறந்தேன் என்று என்னிடமே சொன்னார்கள். மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். "அடக்கத்தப் பாருங்க!" என்றார் ஒருவர். எழுபத்தெட்டு வயதில் முதல்முறையாக என்னை ஒருவர் அடக்கமானவள் என்கிறார். கேட்கச் சுகமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று எங்கள் வெல்டன் பல்கலைக்கழகப் பையன்கள், நாட்டிலேயே மூன்றாம் இடத்தில் இருக்கும் ஃபுட்பால் அணியைக் கடைசி நொடியில் தோற்கடித்தார்கள். பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை. மாணவர்கள் படிவரிசைகளிலிருந்து மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். பதினான்காம் பிரிவின் படிகள் வந்து முடியும் இடத்தில் மார்பளவு உயரத்தில் ஓர் இரும்புக் கேட் உண்டு. அதன் முன்னால், மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்ற தொண்டர் நான்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். முழங்கால் விடமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

வீக்கம். உறைந்த பட்டாணிப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீராங்கனைகள் இப்படித்தான் ஓய்வெடுப்பார்கள் போலிருக்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

டோலோரஸ் ஒரு கையில் நூடுல்ஸ் கேசரோலும் இன்னொரு கையில் செய்தித்தாளுமாக வந்தாள். அவளும் எங்கள் பங்குக் கோவில்காரி, அவளும் மஞ்சள் ஜாக்கெட், எனக்கு அடுத்த பதினைந்தாம் கேட்.

"பார்டி உன்ன! முப்பது வருஷமா கூடவே இருக்கேன், உனக்குள்ள இப்படி ஒருத்தி இருக்கான்னு தெரியாமப் போச்சே."

முதல் பக்கத்தில் படம். மைதானத்தின் நடுவில் நான். ஒரு காலில்தான் ஷூ. தலைமுடியைப் பற்றி எழுத விரும்பவில்லை. இரண்டு கையையும் தூக்கியிருக்கிறேன், வலது கையில் ஒரு சங்கிலி தொங்குகிறது. 'சங்கிலியைத் தகர்த்த லியோனா ஹூபர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கைகள் மேலே இருந்ததற்குக் காரணம், இரண்டு பக்கமும் இரண்டு தடியன்கள் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போனதுதான். ஒரு மூட்டையை இறக்கும்போதுகூட இன்னும் மரியாதையாகப் பிடிப்பார்கள்.

"அந்தச் சங்கிலி ஸ்டேடியத்தோடதா?" என்று கேட்டாள்.

"எங்க டியூக்கோடது."

"டியூக் உங்க நாய்தானே? செத்து எத்தன வருஷமாச்சு. அதோட சங்கிலி கேட்ல எதுக்குடி வந்துச்சு?"

"நான்தான் போட்டேன்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். டோலோரஸ் மெல்லுவதை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். அந்தக் கேட்டின் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருக்கும். ஆறு வருடம் முன்பு மூன்று பையன்கள் பியரோடு உள்ளே நழுவிவிட்டார்கள், என் கண் முன்னாலேயே. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கைப்பையில் டியூக்கின் சங்கிலியையும் ஒரு பூட்டையும் கொண்டுபோய், யாரிடமும் கேட்காமல் பூட்டி வந்தேன்.

ஆகஸ்டு மாதக் கூட்டத்தில், ஸ்டேடியப் பாதுகாப்பைப் பார்க்கும் டேரில் கீன் எங்களுக்கு வருடா வருடம் ஒன்றையே சொல்வார்: "கூட்டம் எறங்கினா மறிக்காதீங்க. தாழ்ப்பாள எடுத்துட்டு ஓரமா நில்லுங்க. எதிர் அணிய வெளிய கொண்டுபோக போலீஸ் இருக்கு, பசங்க ஏறித் தொங்குறதுக்குள்ள கோல் கம்பத்த நாங்களே சாய்ச்சிடுவோம். நீங்க யாரும் சுவரு இல்ல." அந்த நேரத்தில் நான் குறுக்கெழுத்துப் போடுவேன். ஓரமாக நிற்பதற்கு ஓர் ஆள் எதற்கு? நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் அலோய்சியா இருநூறு பெண்களை, ஒரு செருப்புச் சத்தம் கேட்காமல் மாடிப்படி இறக்குவார். அந்தத் திறமை எனக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கிலி போட்ட நாளிலிருந்து என் கேட்டை ஒருவரும் தாண்டியதில்லை என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். தாண்டிக் குதிக்கும்படி எங்கள் அணி எதையும் ஜெயிக்கவில்லை என்பதே காரணம். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"நான் கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே கேட்ட விரியத் தொறந்து போட்டுட்டு டாய்லெட்டுக்குள்ள போய் நின்னுக்கிட்டேன்" என்றாள் டோலோரஸ். "பயந்தாங்கொள்ளின்னு நீ திட்டுவேன்னு உன்கிட்டச் சொல்லல."

பதினைந்தாம் பிரிவில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். ஒரு பெண் கேட்டின் கம்பியில் அழுந்திப்போய் நின்றாள். "தொறங்க மேடம், தொறங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் படி முழுவதும் ஆட்கள், மேலே இருப்பவர்களுக்குக் கீழே என்ன நடக்கிறதென்று தெரியாது, தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். நான் அவளுக்குச் சொன்ன பதில்: "முதலில் எல்லோரும் வரிசையாக நில்லுங்கள்."

வரிசையா நில்லுங்களாம். கடவுளே.

அப்புறம்தான் அவள் முகத்தின் நிறம் கண்ணில் பட்டது. சாவி கையுறைக்குள் இருந்தது. சங்கிலியை எடுத்தேன், தாழ்ப்பாளை எடுத்தேன், தள்ளினேன் — நகரவில்லை. பேண்டு வாத்தியக்காரப் பையன்கள் இரண்டு பேர் மைதானத்தின் பக்கமிருந்து ஓடிவந்து, கேட்டைக் கீலிலிருந்தே தூக்கிக் கழற்றினார்கள். அந்தப் பெண் கீழே விழுந்தாள். அவளை இழுத்துப் போட்டவர்களும் அவர்கள்தான். அவர்கள் படம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் பெயர் ஆனிக்கா வோஸ். விவசாயம் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. காறை எலும்பு முறிவு, இரண்டு விலா எலும்பில் விரிசல்.

"நான் லியோனா ஹூபர். சங்கிலி போட்டது நான்" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

"தெரியும். நீங்க 'வரிசையா நில்லுங்க' மேடம்." சிரித்தாள், உடனே விலாவைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது."

"நான் வேடிக்கை காட்ட வரவில்லை."

"ஐயோ, அதான் சிரிப்பு வருது."

பிறகு சிரிப்பு நின்றது. "மூச்சு வரல மேடம். உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கடைசியாப் பாக்குற மூஞ்சி இதுதான்னா, கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா இருந்திருக்கலாமேன்னு தோணுச்சு."

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. தண்ணீர்க் குவளையை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள், கொடுத்தேன்.

கிளம்பும்போது சொன்னாள்: "ஒண்ணு சொல்லட்டுமா? சங்கிலிய எடுத்தப்புறமும் கேட் நகரலயே, ஏன்னு யோசிச்சீங்களா? அது எங்க பக்கமாத்தான் தொறக்கும். அங்க நான் நின்னேன், என் முதுகுல நூறு பேரு. எப்படித் தொறக்கும்? என் ரூம்மேட் ஒன்பதாம் கேட்ல நின்னா. அங்க சங்கிலியே இல்ல. அதுவும் தொறக்கல. எல்லாரும் சுவரேறிக் குதிச்சாங்க."

அக்டோபர் 24, வெள்ளி

வேறு ஒருவர் மேலும் குற்றம் இருக்கிறது என்று தெரிந்ததும் என் முழங்கால் வலி பாதியாகக் குறைந்துவிட்டது. நேற்று வீடு வந்து சேரும்வரை காரில் பாடிக்கொண்டு வந்தேன். பாடியது நான்தான், எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

பூசையில் பாதிரியார் என் பெயரைச் சொன்னார். கோவிலுக்குள் கைதட்டினார்கள். கோவிலுக்குள் கைதட்டுவது தகாது என்று நாற்பது வருடமாக எல்லோரையும் கண்டித்து வந்தவள் நான். எழுந்து நின்று தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன். பங்கு மண்டபத்தில் கேக், அதன்மேல் சாக்லேட் கிரீமில் சங்கிலி. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

ஸ்டேடியத்துக்குப் போய் டேரில் கீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பது வயது, கெட்டவர் இல்லை, மிகவும் களைத்தவர்.

"மேடம், சங்கிலியப் பத்தி யாருமே கேக்கல. நீங்க ஏன் கெளப்புறீங்க? ஜனங்க சந்தோஷமா இருக்காங்க."

கேட்டைக் காட்டச் சொன்னேன். திரும்ப மாட்டிவிட்டார்கள், அதே பக்கம் பார்த்து. அவரைப் படியின் பக்கம் நிற்க வைத்து, "நகராதீர்கள்" என்று சொல்லிவிட்டு நான் மைதானத்தின் பக்கமிருந்து தள்ளினேன். அவர் வயிற்றில் இடித்து நின்றது. ஒரே ஒரு மனிதர், அதுவும் நல்ல மனதோடு நிற்பவர்.

"பதினாறு கேட்டும் இப்படித்தானா?" என்றேன்.

"கட்டுனப்பவே இப்படித்தான். மாத்தணும்னா பெரிய வேல மேடம். சீசன் முடியட்டும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ… பதினாலுல நடந்ததுக்குச் சங்கிலிதான் காரணம்னு எழுதிக்கலாமா?"

அப்போதுதான் விளங்கியது. நான் வீராங்கனையாக இருக்கும்வரை யாரும் கீலைப் பார்க்க மாட்டார்கள். நான் குற்றவாளி ஆனாலும் பார்க்க மாட்டார்கள். இரண்டுக்கும் நான் வசதியாக இருக்கிறேன்.

அக்டோபர் 31, வெள்ளி

வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வந்த குழந்தைகளில் ஒருத்தி மஞ்சள் ஜாக்கெட், வெள்ளை முடி, காகிதச் சங்கிலி. "நீ யாரம்மா?" என்றேன். "மிஸஸ் ஹூபர்" என்றாள் கண்டிப்பான குரலில். உதட்டை நன்றாகச் சுழித்திருந்தாள். இரண்டு மடங்கு மிட்டாய் கொடுத்தேன்.

நவம்பர் 3, திங்கள்

டேரில் தொலைபேசியில் அழைத்தார். 15ஆம் தேதி ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தின் நடுவில் என்னைக் கௌரவிக்கப் போகிறார்களாம். ஒரு கேடயம். "சங்கிலிப் பேச்சு வேணாம் மேடம், கைய மட்டும் ஆட்டுங்க." கேட்டுகளைப் பற்றிக் கேட்டேன். "பாத்துக்கலாம், என் வார்த்தைய நம்புங்க."

15ஆம் தேதி வருவது நார்த் ஃபோர்க் அணி. எங்கள் பையன்கள் இப்போது ஜெயிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். திரும்பவும் இறங்குவார்கள்.

என்ன சட்டை போடுவது என்று அலமாரியைத் திறந்து பார்த்தேன். உண்மை. நீல நிறம் எனக்கு எடுப்பாக இருக்கும்.

நவம்பர் 5, புதன்

"பேப்பர்ல எழுதப்போறியா? பைத்தியமாடி உனக்கு?" டோலோரஸ். "ஜாக்கெட்டப் புடுங்கிடுவாங்க. பேரும் போயிடும்."

"அது என் பேர் இல்லையே."

"இருந்தா என்ன, நல்ல பேருதானே! நான் ஒருத்திதான் உன்ன உள்ளபடி தெரிஞ்சவ, நானே சும்மா இருக்கேன்ல."

அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. எனக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருக்கிறது. அதுதான் பிரச்சினை. கேட்டின் முன்னால் நின்றபோதும் எனக்கு என்னைப் பிடித்துத்தான் இருந்தது.

இன்று மாலை செய்தித்தாள் ஆசிரியருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். சங்கிலி, பூட்டு, கையுறைக்குள் சாவி, நான் சொன்ன வாக்கியம், கேட் திறக்கும் பக்கம், ஒன்பதாம் கேட். எதையும் விடவில்லை. பேண்டுப் பையன்களின் பெயரை விசாரித்துச் சேர்த்தேன்: ரீட் சோமர்ஸ், கேல் ஓப்பர்மன்.

நவம்பர் 7, வெள்ளி

வெளிவந்துவிட்டது. மூன்றாம் பக்கம், சின்ன எழுத்து. கேடயம் கிடையாது என்று ஸ்டேடியத்திலிருந்து ஒரு பெண் தகவல் சொன்னாள். ஜாக்கெட்டைத் திருப்பித் தர வேண்டுமாம். துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பினேன். கேட்டுகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மத்தியானம் ஆனிக்கா அழைத்தாள். "பேப்பர் பாத்தேன் மேடம். எங்கம்மா உங்க மேல கேஸ் போடணும்னு குதிக்கிறாங்க. போடுங்க, ஆனா ஸ்டேடியத்துக்காரங்க கேட்ட மாத்தினப்புறம்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நியாயம்தான்" என்றேன்.

"டேரிலுக்கு லெட்டர் எழுதுறீங்கதானே? எழுதாம இருக்க மாட்டீங்க. எனக்கும் ஒரு எடம் விடுங்க, கையெழுத்துப் போடணும். எடது கையாலதான், அசிங்கமா இருக்கும், திருத்தக் கூடாது."

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் ஆனிக்காவின் அறைக்குப் போய் வந்தேன். கையெழுத்து உண்மையிலேயே அசிங்கம். திருத்தவில்லை. நாளை காலை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகும் கடிதத்தின் நகல்:

திரு. டேரில் கீன் அவர்களுக்கு,

அக்டோபர் 18 அன்று பதினான்காம் கேட்டில் சங்கிலி போட்டிருந்தவள் நான். அதற்கான பொறுப்பு என்னுடையது. எந்த அறிக்கையிலும் என் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் சங்கிலியை எடுத்த பிறகும் கேட் திறக்கவில்லை. சங்கிலி இல்லாத ஒன்பதாம் கேட்டும் திறக்கவில்லை. பதினாறு கேட்டுகளும் கூட்டம் நிற்கும் பக்கமாகவே திறக்கின்றன. நீங்களே அங்கே நின்று பார்த்தீர்கள்.

15ஆம் தேதிக்குள் அவற்றை மைதானத்தின் பக்கம் திறக்கும்படி மாற்றுவீர்களா? முடியாதென்றால், அன்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பதினாறு கேட்டுகளையும் கழற்றி எடுத்து வைப்பீர்களா? இரண்டு பேர் வெறும் கையால் ஒன்றைக் கழற்றியதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தொலைபேசியில் வேண்டாம். வியாழக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தரவும்.

லியோனா ஹூபர்
ஆனிக்கா வோஸ்