இருபத்தேழு நிமிடம், ஐம்பது விநாடி

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூரு.
24 ஆகஸ்ட், ஞாயிறு.

அன்புள்ள டேரிலுக்கு,

கேரல் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் கெசியாவும் சுகம். மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

தினமும் வீடியோவில் முகம் பார்த்துக்கொள்கிற நமக்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீடியோவில் நமக்கு நடுவில் கெசியா உட்கார்ந்திருக்கிறாள். அவள் தூங்கிய பிறகு பேசலாம் என்றால், உண்மையில் தூங்குகிறாளா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். உன் ஆபீஸ் அஷ்வத் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறான். அவனிடம் காபிப் பொடி, முறுக்கு, இரண்டு சட்டை, இந்தக் கவர் நான்கையும் கொடுத்தனுப்புகிறேன். கவரைப் பிரிக்காமல் கொண்டுவருவான் என்று நம்புகிறேன். முறுக்கு டப்பாவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

இங்கே நம் தெருவை மறுபடி தோண்டிப் போட்டிருக்கிறார்கள். போன முறை தண்ணீர்க் குழாய்க்கு, இந்த முறை எதற்கு என்று தோண்டுகிறவர்களுக்கே தெரியவில்லை. மாடி வீட்டு பெட்டி ஆன்ட்டி கிறிஸ்துமஸ் கேக்குக்கு இப்போதே பழத்தை ரம்மில் ஊறப்போட்டுவிட்டார்கள். படி இறங்கும்போதெல்லாம் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "டேரில் டிசம்பருக்கு வர்றான் இல்ல?" என்று கேட்கிறார்கள். வருவான் ஆன்ட்டி என்கிறேன். கெசியாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கன்னடப் பரீட்சையில் இருபத்தைந்துக்குப் பதினெட்டு. என் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருக்கிறேன், பிள்ளைகளுக்கும் புரியவில்லை, எனக்கும் மனம் ஓடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை நீ சொன்னாய், கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று. "நான் இங்கயே இருந்துடறேன் கேரல். என்னை நம்பி பாப்பாவ விட்டதே தப்பு" என்றாய். நான் சரி என்று சொல்லிவிட்டு குக்கரை இறக்கப் போய்விட்டேன். உனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்கின பிறகு உதடு இருக்குமே, அப்படித்தான் பல மாதமாக இருக்கிறேன். தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை. வலித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைக்கிறேன்.

நீ கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். ஆனால் போடும் முன் இதைப் படித்துவிடு. போன நவம்பரில் அந்த வியாழக்கிழமை நடந்ததில் உனக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். கெசியா பிறந்த பிறகு நம் இருவருக்கும் ஓட்டத்தை விட மனமில்லை. அதனால் நாளைப் பங்கு போட்டுக்கொண்டோம். திங்கள், புதன், வெள்ளி நீ. செவ்வாய், வியாழன், சனி நான். ஒருவர் ஓடினால் ஒருவர் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை அவளையும் கோல்ஸ் பார்க்குக்குக் கூட்டிப்போய், கையில் பிஸ்கட்டோடு பெஞ்சில் உட்காரவைத்து, மாறி மாறிச் சுற்றினோம். கிளம்புகிறவர் மற்றவரை எழுப்பக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். ஒரு பூனைகூட நம்மைப் போல அவ்வளவு சத்தமில்லாமல் வீட்டை விட்டுப் போயிருக்காது. அதை நாம் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

புதன் இரவு நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, "நாளைக்கு நான் போறேன், நீ வெள்ளி எடுத்துக்கோ" என்று நீ சொன்னாய். நான் ம் என்றேன். காதில் விழுந்தது, தலையில் ஏறவில்லை. விடியற்காலையில் நீ அல்சூர் ஏரிப் பக்கம் நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பினாய். கெசியா இருட்டுக்குப் பயப்படுவாளே என்று பாத்ரூம் விளக்கை விட்டுவிட்டுப் போனாய். ஐந்து மணிக்கு மேல் நான் எழுந்து அந்த விளக்கைப் பார்த்து, நீ உள்ளே இருக்கிறாய் என்று நினைத்தேன். கதவைத் தட்டினால் பிள்ளை எழுந்துவிடும் என்று தட்டவில்லை. வாசலில் உன் ஷூ இல்லாததையும் நான் பார்க்கவில்லை. என் ஷூவைத்தான் பார்த்தேன். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன், அது தானாகப் பூட்டிக்கொண்டது, உள்ளிருந்து திருகினால் திறக்கிற பூட்டு.

ஆறு ஐந்துக்குத் திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் பிள்ளை இல்லை. நான் முதலில் செய்தது வாசலில் தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின், அந்த சம்ப்பின் மூடியைத் தூக்கிப் பார்த்தது. பிறகு மொட்டை மாடி, பிறகு பெட்டி ஆன்ட்டி வீடு, பிறகுதான் உனக்குப் போன். நீ மூச்சிரைக்க வந்து நின்ற நேரத்தில் மேஸ்திரி முனிகிருஷ்ணன், பார்க் பக்கம் தெருக் கூட்டுகிறவர்களுக்கு ஆஜர் எடுப்பாரே அவர், கெசியாவைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனையில் வந்தார். "கொயந்த பார்க்கு கேட்டாண்ட நின்னுக்கினு இருந்துச்சும்மா. அழவே இல்ல" என்றார். எதிர்வீட்டு செக்யூரிட்டி, "ஏனூ ஆகில்ல மேடம், ஏனூ ஆகில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அன்று எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

இனி உனக்குத் தெரியாதது.

அன்று ஐந்தே முக்காலுக்கு நான் பார்க்கைச் சுற்றி வெளிச்சாலையில் ஓடிக்கொண்டிருந்தேன். கேட்டருகே கூட்டுகிறவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வரிசையின் ஓரத்தில் ஒரு குழந்தை. முதுகு தெரிந்தது. மஞ்சள் ஸ்வெட்டர், வெறுங்கால். நான் பார்த்தேன் டேரில். நன்றாகவே பார்த்தேன். என் பிள்ளை வீட்டில் தூங்குகிறாள் என்று எனக்குத் தெரியும், அதனால் அது என் பிள்ளையாக இருக்க முடியாது. இந்தக் குளிரில் செருப்புகூட இல்லாமல், என்ன பெற்றவர்களோ என்று நினைத்தேன். நின்று கேட்கலாம் என்றும் ஒரு நொடி தோன்றியது. வாட்சைப் பார்த்தேன். இன்னும் நானூறு மீட்டர் ஓடினால் ஐந்து கிலோமீட்டர், இருபத்தெட்டு நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். இரண்டு வருஷமாக முடியாத நேரம் அது. நிற்கவில்லை. பாட்டரி ரோடு பக்கம் திரும்பி, அங்கேயே முடித்து, சுவரைப் பிடித்துக் காலை நீட்டிவிட்டு, மெதுவாக வேறு வழியில் வீட்டுக்கு நடந்து வந்தேன். இருபத்தேழு நிமிடம், ஐம்பது விநாடி. இன்றைக்கும் என் சிறந்த நேரம் அதுதான். போனில் அப்படியே இருக்கிறது, அழிக்கவும் கை வரவில்லை.

முனிகிருஷ்ணன் தெருமுனையில் வந்ததும் மஞ்சள் ஸ்வெட்டரைப் பார்த்தேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பிள்ளையை அடையாளம் தெரியாமல் போனதற்காவது ஏதோ சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். யாரோ ஒரு பிள்ளை தனியாக நிற்கிறது என்று தெரிந்தும் தாண்டிப் போனேனே, அதற்குச் சொல்லிக்கொள்ள எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உன் அண்ணன் நோயல் வந்தார். "கல்யாணம் ஆகி புள்ள இருக்கிறவன் பண்ற வேலையாடா இது? ஓட்டம் ஓட்டம்னு பைத்தியமா உனக்கு?" என்று கேட்டார். நீ தலை குனிந்து, நாளை மாற்றியது நான், விளக்கை விட்டுப் போனதும் நான், தப்பு முழுக்க என்னுடையது என்றாய். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணனுக்குச் சர்க்கரை கம்மி, உனக்கு ஒன்றரை ஸ்பூன். அதை மட்டும் சரியாகச் செய்தேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நீ உன் ஷூவை, உன்னோடு ஓடுகிற க்ளென்னிடம் கொடுத்துவிட்டு வந்தாய். ஜனவரியில் மஸ்கட்டுக்குக் கையெழுத்துப் போட்டாய். ஏர்போர்ட்டில்கூட நீதான் என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். நானும் மன்னித்தவள் மாதிரி தலையை ஆட்டினேன்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வெட்கம்தான். காலையில் அந்த ஒரு மணி நேரம்தான் யாரும் என்னை மம்மி என்றும் மிஸ் என்றும் கூப்பிடாத நேரம். அதை நான் எவ்வளவு ஆசையாக வைத்திருந்தேன் என்பது உனக்கே முழுதாகத் தெரியாது. சொன்னால் அந்த ஆசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜூனிலிருந்து மறுபடி ஓடுகிறேன். இதையும் உன்னிடம் சொல்லவில்லை. வெளியே எங்கும் போவதில்லை. சாயங்காலம் பள்ளி விட்டு வந்து, நம் காம்பவுண்டுக்குள்ளேயே கட்டிடத்தைச் சுற்றி நாற்பது சுற்று. பெட்டி ஆன்ட்டி ஜன்னலில் நின்று, "செக்கு மாடு மாதிரி சுத்துறியே, தலை சுத்தலையா?" என்று கேட்பார்கள். கெசியா படியில் உட்கார்ந்து கன்னடக் காப்பி எழுதுவாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் அவள் நீட்டுகிற கையைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். அது அவள் போட்ட சட்டம்.

போன புதன்கிழமை ஒரு சுற்றில் பால்காரர் சைக்கிள் குறுக்கே நின்றதால் கையைத் தொடாமல் போய்விட்டேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "பரவால்ல மம்மி, அடுத்த ரவுண்டுல தொடு. ஆனா அன்னைக்கு மாதிரி வராம போயிடாத."

நான் நின்றேன். என்றைக்கு என்று கேட்டேன். நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "பார்க்குல. நான் மம்மின்னு கத்துனேன். உன் காதுல பாட்டு இருந்துச்சு. அந்த அங்கிள்கிட்ட, அது எங்க மம்மி, ரவுண்ட் போறாங்க, இப்ப வந்துடுவாங்கன்னு சொன்னேன். நீ வரல."

நாற்பது நிமிடம் அங்கே நின்றிருக்கிறாள் டேரில். தொலைந்துபோனோம் என்று அவள் நினைக்கவே இல்லை. மம்மி சுற்றி வருவாள் என்று நின்றிருக்கிறாள். அதனால்தான் அழவில்லை.

இதை ஏன் டாடியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "பெரியப்பா டாடிய மட்டும்தான் திட்டினாங்க. டாடி ஊருக்குப் போயிட்டாரு. சொன்னா உன்னையும் திட்டுவாங்க. நீயும் போயிடுவ" என்றாள். சொல்லிவிட்டு, மம்மி, ரப்பர் குடு என்றாள். ரப்பரை எடுத்துக் கொடுத்தேன். மீதிச் சுற்றுகளையும் ஓடி முடித்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறு வயசிலிருந்து என் தப்பை அவள் மறைத்துவைத்திருக்கிறாள். அதுதான் என்னை எழுத வைத்தது. உன் மேல் உள்ள அன்பினால் எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் போதும்.

இன்று ஆராதனை முடிந்ததும் நோயல் அண்ணாவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வண்டிச் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நான் டேரிலுக்கு இப்பவே போன் பண்ணணும்" என்றார். முதலில் நான் எழுதிக்கொள்கிறேன், அதுவரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் இதைப் படித்ததும் அண்ணனுக்கு நீயே பேசு. பாவம், அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார்.

என்னை மன்னித்துவிடு என்று நான் கேட்கப்போவதில்லை. ஒன்பது மாதமாக நீ என்னிடம் தேவையில்லாமல் கேட்ட மன்னிப்பே என்னிடம் இன்னும் இருக்கிறது. உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஆனால் அந்தக் கோபத்தைப் போனில் காட்டாதே, மஸ்கட்டிலேயே வைத்துக்கொள்ளவும் செய்யாதே. இங்கே எடுத்துக்கொண்டு வா. அண்ணனையும் கூப்பிட்டுக்கொள். ஹாலில் உட்கார்ந்து, கெசியா பார்க்க, என்னை எவ்வளவு திட்ட வேண்டுமோ அவ்வளவு திட்டு. திட்டி முடித்ததும் நாம் எல்லோரும் சாப்பிட உட்காருவோம். திட்டு வாங்கினவர்கள் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்று அவள் ஒரு முறை கண்ணால் பார்க்கட்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
கேரல்