பார்க்காமல் போட்ட கையெழுத்து

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாவாவுக்கு,

தமயந்தி எழுதுகிறேன். நானும் யுவஸ்ரீயும் நன்றாக இருக்கிறோம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். யுவஸ்ரீ நன்றாக இருக்கிறாள். காலாண்டுத் தேர்வில் கணக்கில் தொண்ணூற்றொன்று. அப்பா பெங்களூருவில் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உங்கள் நைனாவுக்கும் அதே பெங்களூருதான். கரும்பு வெட்டுக்கு வந்துடுவானா என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அந்தப் போதை மறுவாழ்வு மையத்தில் போனை வாங்கி வைத்துக்கொண்டதால் நீங்கள் கடிதம் எழுதும் ஆளாகிவிட்டீர்கள். சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போ என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு நாளில் மருந்து உடம்பைவிட்டு இறங்கிவிட்டது, நானே டாக்டர், எனக்குத் தெரியாததா என்று. அந்தப் பேச்சை நம்பித்தானே இங்கே வந்து நிற்கிறோம்? சித்திரை வெயிலில் எதற்கு சாக்ஸ் என்று கேட்டேன். ஆபரேஷன் தியேட்டர் ஏ.சி.யில் கால் சில்லிடுகிறது என்றீர்கள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கா கிளம்புகிறீர்கள் என்று கேலி செய்துவிட்டு விட்டுவிட்டேன். உடை மாற்றும் அறையில் நீங்கள் நீலம் பாரித்துக் கிடந்த அன்றுதான் சாக்ஸைக் கழற்றி, கணுக்காலில் அத்தனை ஊசித் தழும்புகளைப் பார்த்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆபரேஷனில் மயக்கம் கொடுக்க எடுத்த ஃபென்டானில் மருந்தில் மிச்சம் இருந்தால் சிங்க்கில் கொட்ட வேண்டும். கொட்டுவதை ஒரு நர்ஸ் கண்ணால் பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். நம் நர்சிங் ஹோமில் அந்த நர்ஸ் நான்தானே. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அன்றைக்கு முழுவதற்கும் ஒரேயடியாகப் போடுவேன். ஒரு தடவைகூட சிங்க் பக்கம் திரும்பியதில்லை. வேறு டாக்டராக இருந்தால் பக்கத்தில் நின்று பார்த்திருப்பேன். கட்டிய புருஷனுக்குக் காவல் நிற்பதா என்று எனக்குக் கூச்சம். நீங்கள் கொட்டாமல் வைத்துக்கொண்டதெல்லாம் என் கையெழுத்தின் பேரில்தான் போயிருக்கிறது.

பூவம்மாளை ஞாபகம் இருக்கிறதா? திருவாலங்காட்டில் கரும்பு வெட்டுகிறவர், தொடை எலும்பு உடைந்து வந்தாரே. ஆபரேஷன் முடிந்ததும் வலிக்கு நீங்கள் நிரப்பிக் கொடுத்த ஊசியை நான்தான் போட்டேன். சாயங்காலம் வரைக்கும் கத்தினார். ஊசி போட்டியா இல்லியா கண்ணு என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். போட்டாச்சும்மா, பொறுத்துக்கோ என்று அதட்டினேன். அதில் இருந்தது வெறும் சலைன் தண்ணீர் என்று போன சந்திப்பில் கவுன்சலர் எதிரில் நீங்களே சொன்னீர்கள். அந்தச் சந்திப்பு முடிந்து மூன்று நாள் கழித்து அந்த அம்மாவை மார்க்கெட்டில் பார்த்தேன், கோலூன்றி நின்றிருந்தார். எங்க கண்ணு நம்ம டாக்டரு, நல்லா இருக்கணும் அந்தப் புள்ள என்றார். வாங்கிய கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நம் நர்சிங் ஹோம் பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். உங்களைப் பற்றித்தான் அவருக்குத் தெரியும், என்னைப் பற்றித் தெரியாதே. பூவம்மாளுக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று நேற்று ஆள் அனுப்பினார்கள். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், எனக்கும் உங்கள் மேல் மலையளவு இருக்கிறது.

சனிக்கிழமை வருவேன், உங்களுக்குப் பிடித்த முறுக்கோடு. கையெழுத்து மட்டும் கிடையாது. உங்களைப் பார்க்கிற டாக்டர் மூன்று மாதம் என்கிறார். உங்களைப் போலவே மயக்க மருந்து டாக்டர் ஒருவர் மூன்றாவது வாரமே அடம்பிடித்து வெளியே போனாராம். பழைய அளவையே போட்டுக்கொண்டாராம். உடம்பு அதை மறந்துபோயிருந்தது, உயிர் போய்விட்டதாம். அவர் மனைவிதான் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனவர். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு பயமாக இருக்கிறது, பாவா.

நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகு போதை ஏறவிடாத மாத்திரை தினம் ஒன்று உண்டாம். வீட்டு ஆள் எதிரில் விழுங்க வேண்டும், அவர் அதைப் பார்த்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைக் காட்டினார்கள், கட்டமெல்லாம் காலியாக இருந்தது. வாயைத் திறக்கச் சொல்வேன், நாக்கைத் தூக்கச் சொல்வேன். கூச்சமெல்லாம் போய்விட்டது. பார்த்துவிட்டுத்தான் போடுவேன், ஒரு நாள் விடாமல் போடுவேன். அந்த முதல் கட்டம் வரைக்கும் உங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்க்கும்படி தணிகை மலையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இப்படிக்கு,
எங்கும் போய்விடாத உங்கள்
தமயந்தி