நான்காவது கட்டம்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் தன் கையாலேயே எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. அங்கே மகன் வீட்டில் நீயும் மகனும் மருமகளும் பேரக்குட்டியும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதத்தை வழக்கம்போல் கீழ்வீட்டுத் தையல்காரம்மா விலாசத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். உன் பெயருக்கு அனுப்பினால் மருமகள் பிரித்து, உட்காரவைத்து, உனக்குப் படித்தே காட்டிவிடுவாள். அவள் மனதில் கள்ளம் கிடையாது. அத்தைக்குக் கண் சரியில்லையே என்ற அக்கறைதான். பொத்தான் தைக்கப் போகிறேன் என்று சொல்லி இறங்கிப் போய் வாங்கிக்கொள். ஒரு வீட்டில் இத்தனை பொத்தானா அறுந்துபோகும் என்று அவள் கேட்காமல் இருக்க வேண்டும்.

எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, தாள் வீணாகிறதே என்று திட்டாதே. வீண் இல்லை, இது விதி. எங்கள் குழுவின் வரைவில் இருக்கிறபடி எழுதுகிறேன். எழுத்து இவ்வளவு உயரம் இருக்க வேண்டும், வரிக்கும் வரிக்கும் நடுவில் இவ்வளவு காற்றோட்டம் வேண்டும், வரி ஓரத்தில் சொல்லை உடைக்கக் கூடாது. இடம் போதாவிட்டால் முழுச் சொல்லையும் அடுத்த வரிக்கு இறக்கிவிட வேண்டும். பாதிச் சொல் மேலேயும் பாதி கீழேயும் கிடந்தால் எங்களுக்கு மூச்சு வாங்கும் என்று நான்தான் சொன்னேன். அதை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். நான் சொன்னதை! அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

லிஃப்ட்காரர் எப்படிக் குழுவில் போய் உட்கார்ந்தார் என்று நீ போனில் கேட்டாய். மருமகள் பக்கத்தில் இருந்ததால் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். இப்போது சாவகாசமாகச் சொல்கிறேன். என் லிஃப்டில் ஏறி மேல்தளம் என்று சொல்கிறவர்களை எத்தனை காலமாக ஏற்றி இறக்கியிருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கதவுக்கு எதிரே ஒரு பலகை இருக்கும். அதை நான் சுவரில் ஒரு கறை மாதிரிதான் பார்த்திருந்தேன். எழுதப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்த பிறகு, ஒரு நாள் கதவு திறந்ததும் அந்தப் பலகை தானாகவே எழுத்தாக மாறிவிட்டது. நூலக, பதிப்புத் தரங்கள் குழு என்று சத்தமாகவே படித்துவிட்டேன். உள்ளே நின்ற தலைவர் அம்மா இறங்காமல் அப்படியே நின்றார். எப்பய்யா படிக்கக் கத்துக்கிட்டீங்க என்று கேட்டார். இப்போதான் அம்மா, கதவு திறந்தப்போ என்றேன்.

அடுத்த வாரம் கூப்பிட்டு அனுப்பினார். வயதான பிறகு படிக்கக் கற்பவர்களுக்கான புத்தகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு விதி எழுதிக்கொண்டிருந்தார்கள். பதிப்பாளர் ஒருவர் இருக்கிறார், அச்சகத்துக்காரர் இருக்கிறார், நூலகர் இருக்கிறார். படிக்கிறவருக்கான நாற்காலி மட்டும் காலி. எல்லாத் தரப்பும் உட்கார்ந்தால்தான் குழு எடுக்கிற முடிவு செல்லுமாம். நீங்கதான் உட்காரணும் என்றார். அப்போ லிஃப்ட்டை யார் அம்மா ஓட்டுவாங்க என்றேன். நாங்க படியில ஏறி வர்றோம் என்றார். அதனால் கூட்ட நாளில் லிஃப்ட் நிற்கும். பதிப்பாளர் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று மேலே வந்து, நாற்காலியில் விழுந்து, நம்ம லிஃப்ட் மெம்பர் முன்னாடியே வந்துட்டாரா என்று என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

அங்கே என்ன பேசுகிறார்கள் தெரியுமா? ஒரு முழு நாள், வேண்டும் என்று எழுதுவதா, நலம் என்று எழுதுவதா என்று பேசினார்கள். வேண்டும் என்று எழுதினால் புத்தகம் போடுகிறவர்கள் செய்தே ஆக வேண்டும். நலம் என்று எழுதினால் மனம் இருந்தால் செய்யலாம். பதிப்பாளர் எல்லா வேண்டும்களையும் நலமாக்கப் பார்ப்பார். நூலகர் எல்லா நலங்களையும் வேண்டுமாக்கப் பார்ப்பார். தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும். அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒருவர் சம்மதிக்கவில்லை என்றாலும் அடுத்த பத்திக்கு நகர முடியாது. என் லிஃப்டில் மாட்டிக்கொண்டாலாவது அடிக்க ஒரு மணி இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அங்கே இருக்கப் பிடித்திருந்தது. அந்த லேபிள் வருகிற வரைக்கும் பிடித்திருந்தது.

போன பொட்டலத்தில் உனக்கு அனுப்பிய புத்தகம் குழுவில் கொடுத்த மாதிரிப் புத்தகம். அட்டையிலும் முதுகிலும் மஞ்சளாக, புதிய வாசகர் என்று ஒட்டியிருந்ததே, அதுதான். நீ மறுநாள் போனில், நீங்க அனுப்பின பழம் நல்லா இருந்துச்சு, ஸ்டிக்கரைத்தான் வெந்நீர் வச்சு உரிக்க வேண்டியதாப் போச்சு, இனிமே ஸ்டிக்கர் இல்லாம அனுப்புங்க என்றாய். பழத்துக்கு எதுக்கு அத்தை வெந்நீர் என்று மருமகள் பின்னால் கேட்டது எனக்குக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு சிரிப்பு போய்விட்டது.

ஏனென்றால் விதி நிறைவேறினால் அது ஸ்டிக்கர் இல்லை. அட்டையோடு சேர்த்தே அச்சடித்துவிடுவார்கள். வெந்நீருக்கு அசையாது. நம்மைப் போன்றவர்களுக்கு வருகிற ஒவ்வொரு புத்தகத்திலும் அது இருக்கும். அதனால் வரைவுக்குக் கருத்துச் சொல்லும் அட்டவணையில் நானே எழுதினேன். நான்கு கட்டம். முதல் கட்டத்தில் எந்தப் பத்தி என்று எழுதினேன். இரண்டாவதில் லேபிள் கூடாது என்று எழுதினேன். மூன்றாவதில் அதை எடுத்துவிடவும் என்று எழுதினேன். நான்காவது கட்டம் காரணம். அதில் பேனாவை வைத்தேன். வைத்த இடத்தில் மைதான் பரவியது. அப்படியே கொடுத்துவிட்டேன்.

கூட்டத்தில் என் முறை வந்தது. நூலகர் நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். லேபிள் இல்லேன்னா இந்தப் புத்தகமெல்லாம் மத்த புத்தகத்துக்கு நடுவுல காணாமப் போயிடும், வர்றவங்க எங்கே தேடுவாங்க, தனி அடுக்கு வச்சா நேராப் போய் எடுக்கலாமே என்று கேட்டார். அவர் எங்களுக்காகத்தான் பேசுகிறார். யாருக்கு இதனால கஷ்டம், ஒரே ஒருத்தரைச் சொல்லுங்க, நானே லேபிளை எடுக்கச் சொல்றேன் என்றும் சொன்னார். அந்த ஒருத்தர் என் நாக்கு நுனியில் இருந்தாள். தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

எனக்குத்தான் பிடிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பதிப்பாளர் விடவில்லை. யோவ் பெரியவரே, பஸ்ல புத்தகத்தைக் கல்யாணப் பத்திரிகை மாதிரித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நீங்க போறதை நானே பார்த்திருக்கேன், உங்களுக்கா வெட்கம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மைதானே. வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் லேபிள் மேல் வருத்தமில்லை. என்னோடு படிக்கிற காவலாளி, மஞ்சளைப் பார்த்தா கண்டக்டர் உட்கார இடம் கொடுப்பான் என்கிறார். அவர்கள் வீட்டிலெல்லாம் அவர்கள் படிப்பது தெரியும். படிக்காதவர்கள் என்றும் முன்பே தெரியும். உன் வீட்டில்தான் இரண்டுமே தெரியாது.

நீ ஐந்தாவது வரை படித்தவள் என்று நம் கல்யாணத்தில் யாரோ சொன்னதை நாம் இருவரும் மறுக்கவில்லை. மகனுக்குப் பெண் பார்க்கும்போதும் அதே பேச்சுதான் போனது. அதிலிருந்து நீ வெளியே வரவே இல்லை. கண் தெரியல, நீயே படிச்சுச் சொல்லு என்று சொல்லிச் சொல்லியே மூன்று கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டான் மகன். மூன்றும் ஒரே கண்ணாடிதான். நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு எத்தனை கண்ணாடி போடுவது? இப்போது நீ படிக்கக் கற்பதுகூடக் குளியலறையில், எழுத்துக்கூட்டும் சத்தம் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டுத்தான். தண்ணீர்க் கட்டணம் ஏன் ஏறுகிறது என்று மகன் பிளம்பரைக் கூப்பிட்டதாகச் சொன்னாயே. பாவம் அந்த பிளம்பர், எந்தக் கசிவைத் தேடுவார்?

கூட்டம் முடிந்து தலைவர் அம்மாவை நான்தான் கீழே இறக்கினேன். லிஃப்டில் நாங்கள் இருவர்தான். காரணம் இல்லாத கருத்தை நான் எடுத்துக்க முடியாது, அடுத்த கூட்டத்துல கோடு போட்டு அடிச்சுடுவேன், ஆனா காரணம் எழுதிட்டீங்கன்னா அதுக்குப் பதில் சொல்லாம இந்தக் குழு ஒரு அடி நகர முடியாது என்றார். தெரிந்த ஒருவர் என்று எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், யாருன்னு கேட்பாங்க, நான் தடுக்க முடியாது என்றார். கீழ்த்தளம் வந்தும் அவர் இறங்கவில்லை. ஒருத்தருக்காக எழுதின வரி எங்க விதியில நிறைய இருக்கு, அந்த ஒருத்தர் யாருன்னு யாருக்கும் இப்போ ஞாபகம் இல்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அட்டவணை எங்கள் அறையோடு நிற்காது. எல்லாப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் போகும். மருமகள் டீச்சராக இருக்கிற பள்ளிக்கும் போகும். போன தடவை அவள்தான் போன் செய்து, மாமா உங்க கருத்தைப் பார்த்தேன், எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் காட்டினேன் என்று குதித்தாள். இந்தத் தடவையும் காட்டுவாள்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீ என் கையைப் பிடித்துச் சொன்னாய். நானும் சரி என்றேன். அந்த வாக்கை மீற மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன். இத்துடன் ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கிறேன். அதில் அளவுகோல் வைத்து ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அது நான்காவது கட்டம். அடுத்த கூட்டம் மாதக் கடைசியில். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுதி அனுப்பு. பிழை இருந்தால் இருக்கட்டும், குழுவில் பிழை திருத்த ஆள் இருக்கிறார்கள். எழுத வேண்டாம் என்று தோன்றினால் வெறும் கட்டமாகவே திருப்பி அனுப்பு. நான் லேபிளுக்குக் கை தூக்கிவிடுகிறேன். அதன் பிறகு உனக்கு அனுப்புகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் பழைய காலண்டர் தாளில் நானே அட்டை போட்டு அனுப்புவேன், என் கை ஓடுகிற வரைக்கும். ஒரு சொல்கூடக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். உன் நடையைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். உன் எழுத்து எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். குட்டிக்கு முத்தம். குளியலறைத் தரை வழுக்கும், அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளாதே. விழுந்தால் யாரும் வந்து தூக்க முடியாது. குழாயை மூடிவிட்டு, கதவைச் சும்மா சாத்திவைத்துப் படிம்மா.

உன் பதிலுக்காக லிஃப்ட் வாசலில் நிற்கும்,
உன் வீட்டுக்காரன்.