கைத்தையல் மூட்டைகள்

சின்னசேலம் பக்கத்து முகாமின் அரிசிக் கிடங்கைத் திறந்ததும் சாக்கு வாடை குப்பென்று அடித்தது. "இன்னா மேடம், மூக்கப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க? மோந்து பாக்கத்தான சம்பளம்" என்பீர்கள். இன்று அப்படிச் சொல்ல ஆளில்லை, சார். நீங்கள் போன பிறகு நான் இங்கே தணிக்கைக்கு வருவது இதுதான் முதல் முறை.

இலங்கையிலிருந்து வந்து தங்கியிருக்கும் அகதிக் குடும்பங்களுக்கு அரசு தரும் அரிசி ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது நம் இருவரின் வேலை. உங்களுக்கு அது சுபாவமும்கூட. தியாகதுருகம் பஸ்ஸில் சீட் இருக்கிறது என்று கண்டக்டர் சொன்னாலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவீர்கள். கல்யாணப் பந்தியில் சோற்றை மோந்து பார்த்துவிட்டுத்தான் கை வைப்பீர்கள்.

அன்று இதே கிடங்கில் மூட்டைகளின் வாயைத் தடவிக்கொண்டே போனீர்கள். மில்லிலிருந்து வரும் மூட்டைக்கு மெஷின் தையல் இருக்கும். பின்வரிசையில் இருந்ததெல்லாம் கைத்தையல். "எவனோ பிரிச்சி அரிசிய மாத்திட்டான்" என்று குத்தூசியைச் செருகி இழுத்தீர்கள். அதன் குழிவில் வண்டும் தூசியுமாகக் கறுத்த அரிசி வந்தது. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ரேஷன் கடைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே குஷி.

என்னைச் சாப்பிட்டு வரச் சொல்லி அனுப்பினீர்கள். திரும்பி வந்தபோது கடைக்காரரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தீர்கள். பிறகு உங்கள் கையெழுத்தோடு போன அறிக்கையில் 'குறை ஏதும் இல்லை' என்றிருந்தது. கேட்டதற்கு, "வுடுங்க மேடம், எல்லாம் சரியாப்பூடுச்சி" என்றீர்கள். எது சரியாகப் போனது? கவர் கைமாறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். அதன்பின் டீக்கடையில் உங்களோடு நிற்கும்போதெல்லாம் வாட்ச் புதுசா, செருப்பு புதுசா என்று என் கண் அலையும். உங்கள் சாவுக்கு வந்து மாலை போட்டபோதுகூட, தரையில் டைல்ஸ் எப்போது பதித்தார்கள் என்று பார்த்தேன்.

இன்று முகாமில் துணி தைக்கும் அக்கா ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "உங்களோட வந்த ஐயா எங்க?" என்றார். சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு அவராகவே சொன்னார்.

"அண்டைக்கு நாங்கள்தான் அவரிட்டக் கெஞ்சினனாங்கள். எழுதாதேங்கோ ஐயா, எழுதினால் விசாரணை எண்டு கடையைப் பூட்டுவினம், பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது எண்டு. பழுதான மூட்டை எல்லாத்தையும் மாத்தி இறக்கினாப் பிறகுதான் கையெழுத்து வச்சவர். பிறகும் அரிசி போடுற நாளெண்டால் லீவு போட்டிட்டு மூட்டையில குத்திப் பாக்கிற அந்தக் கம்பியோட வந்து நிப்பார்."

எழுதாமல் விட்டது தப்பு என்று இப்போதும் சொல்வேன். அந்தக் கடைக்காரர் வேறெங்காவது போய் இதையே செய்திருப்பார். ஆனாலும் நீங்கள் காசு வாங்கவில்லை என்று கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏன் சார் என்னிடம் சொல்லவில்லை? என் பெயரும் மாட்டும் என்றா, நான் நம்பமாட்டேன் என்றா?

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, இப்படிச் சொல்லச் சொல்லி யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "நாங்கள் கெஞ்சேக்க அவரும் இதைத்தான் கேட்டவர்" என்றார்.