அலமாரிக்குள் பாடிய குரல்

அக்காவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எங்கள் குழுவின் முதல் பாட்டு நேற்று வெளியானது. பாடகிக்கு மெட்டுக் காட்ட, எதிரொலி விழாதபடி உன்னைத் துணி அலமாரிக்குள் உட்கார வைத்துப் பதிந்தேனே, அந்த ஃபைலைத் தவறி ஏற்றிவிட்டேன்.

"வெளிய விட்டே, கொன்னுடுவேன்டா" என்றாய். மறக்கவில்லை.

உடனே எடுக்கப் போனேன். பாடகியே என் கையைத் தட்டிவிட்டாள். "மடையா, நான் இவ்வளவு நல்லா பாடல. இருக்கட்டும்."

நீ தும்மலை அடக்கிய இடம்கூட அப்படியே இருக்கிறது. அப்பா கடைக்கு வருகிற எல்லோருக்கும், "எம் பொண்ணு குரல்" என்று போட்டுக் காட்டுகிறார். நான் எழுதிய பாட்டு என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. பரவாயில்லை, எனக்கும் அதே பெருமைதான்.

சனிக்கிழமை எங்கள் கச்சேரி மேடையில் நீ பாட வேண்டும். மாட்டேன் என்றால் பாட்டை எடுத்துவிடுகிறேன். கூச்சம்தான் காரணமென்றால், அந்த அலமாரியையும் மேடையில் ஏற்றிவிடுகிறேன்.

உன் தம்பி