நாலு போல்ட், ரெண்டு பொட்டு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மேற்கத்திக் காற்று. மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. காங்கேயம் மில்லில் 60 டின் தேங்காய் எண்ணெய் ஏற்றிக்கொண்டு நானும் பெண்டாட்டி சரசுவும். பல்லடம் தாண்டி மேட்டில் வண்டி மறுபடி உதறல். இறக்கும்போது பார்த்தால் மூன்று டின் ஒழுகல்.

மில் மேனேஜர் போனில்: "திங்கக்கெழமைக்குள்ள வண்டியச் சரி பண்ணிப்போடுங்க. இல்லீன்னா லோட வேற பிக்கப்புக்குக் குடுத்துருவனுங்க." பதினோரு வருட லோடு. இது போனால் வேறு கிடையாது.

டயர் பேலன்ஸ் போன வாரமே பார்த்தாயிற்று. எஞ்சினைத் தாங்கும் மவுண்டாகத்தான் இருக்க வேண்டும்.

சாயங்காலம் கணபதி ஏரியாவில் யூசுப் பாய் ஒர்க்‌ஷாப். என்ன தொந்தரவு என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சரசு: "ஆக்சிலேட்டர மிதிக்கறப்ப மட்டுந்தானுங்க பாய். கால எடுத்தா நின்னுருது. ஸ்டியரிங்குல இல்லீங்க, என்ற சீட்டுக்கு அடியில இருந்து வருது."

பாய் அப்படியே அவள் பக்கம் திரும்பிவிட்டார். எந்த வேகத்தில், லோடு இருக்கும்போதா, காலி வண்டியிலா, எல்லாம் அவளிடமே. இருபத்திரண்டு வருடமாக ஸ்டியரிங் பிடிப்பவன் நான். பக்கத்தில் ஸ்டெப்னி மாதிரி நின்றேன்.

"ஷாஃப்ட்டா இருக்குமுங்க" என்றார் பாய். மவுண்ட் என்றேன். "தங்கச்சி சொல்றதப் பாத்தா ஷாஃப்ட்டுதானுங்க."

வயிறு எரிந்தது. எதற்கு எரிகிறது என்று தெரியவில்லை. பொய். தெரியும்.

ஜூலை 9, புதன்

பக்கத்தில் நின்று அடம்பிடித்து மவுண்ட் மாற்ற வைத்தேன். ஓட்டிப் பார்த்தோம். உதறல் அப்படியே. "அப்பவே சொன்னனுங்களே" என்று சரசு சொல்லியிருந்தால் கோபப்படவாவது செய்திருக்கலாம்.

வாங்க: தார்ப்பாய்க் கயிறு, தலைவலித் தைலம், எலிப்பொறி.

ரசத்தில் உப்பு இல்லை என்றேன். இருந்தது.

ஜூலை 10, வியாழன்

இன்று ஷாஃப்டைக் கழற்றியாயிற்று. கியர்பாக்ஸ் சுற்றுவதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட். அதன் இணைப்பில் இருக்கும், கூட்டல் குறி மாதிரியான கிராஸ் தேய்ந்து லொடலொட. பாய் ஆட்டிக் காட்டினார். அதையும் அவளிடம்.

கழற்றும் முன் சரசு, "கொஞ்சம் இருங்க பாய்" என்று பையிலிருந்து சிவப்பு நெயில் பாலீஷ் எடுத்தாள். ஷாஃப்ட் முனையில் ஒரு பொட்டு, அது பூட்டுகிற தட்டில் ஒரு பொட்டு. "கிரைண்டரக் கழட்டறப்ப இப்பிடித்தானுங்க வெப்பேன். மாட்டறப்ப பொட்டும் பொட்டும் சேந்தாப் போதும்."

பாய்க்குச் சிரிப்பு. "நாங்க சாக்பீஸ்ல கோடு போடுவோம், அது அழிஞ்சு போயிரும். இது நல்லா இருக்குதே. தங்கச்சி, நாளைக்கே வேலைக்கு வந்துருங்க." அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். சரசுவும். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பாய் கிராஸ் வாங்கப் போனார். சரசு டீ வாங்கப் போனாள். பக்கத்து பெயிண்டிங் ஷெட்டில் தின்னர் டப்பா. என் துண்டை அதில் நனைத்து இரண்டு பொட்டையும் துடைத்துவிட்டேன். ஒரு நிமிஷ வேலை.

எதற்கென்று எழுத மாட்டேன்.

எழுதினால்தான் என்ன, யார் படிக்கப் போகிறார்கள். பொறாமை. கட்டின பெண்டாட்டி மேல்.

ஜூலை 11, வெள்ளி

காற்று இன்னும் நிற்கவில்லை. புது கிராஸ் போட்டாயிற்று. மாட்டும்போது பொட்டைக் காணோம். "கிரீஸ்ல அழிஞ்சு போச்சாட்ட இருக்குது" என்றார் பாய். சரசு என்னைப் பார்த்தாள். பிறகு தரையை.

தட்டில் நாலு போல்ட். நாலு விதமாகவும் உட்காரும். பழையபடி உட்கார்ந்தால்தான் ஷாஃப்ட் உதறாமல் சுற்றும். பாய் ஒரு உத்தேசத்தில் மாட்டினார். ஓட்டினால் முன்னைவிட மோசம், பல்லெல்லாம் ஆடுகிறது.

"நாளைக்கு ஒவ்வொண்ணா மாட்டிப் பாக்கலாமுங்க. தங்கச்சியும் வரட்டும். அவங்களுக்குத்தான் சரியாத் தெரியுது" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார்.

வேண்டும் எனக்கு. நன்றாக வேண்டும். திங்களுக்கு இன்னும் இரண்டே நாள்.

தூக்கம் வரவில்லை. அவள் தூங்குகிறாள். அதுவும் எரிச்சல்.

ஜூலை 12, சனி

சோதனைக்கு லோடு வேண்டுமே. மதுக்கரையிலிருந்து வந்து இறங்கிய சிமெண்ட், இருபது மூட்டை, தெரிந்த கடையில் இரவல்.

இரண்டாவது விதம். பரவாயில்லை என்றேன். "இல்லீங்க" என்றாள் சரசு. மூன்றாவது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வண்டித் தரையில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேட்டில் மிதித்தேன். "இதுதானுங்க." பாய் விடாமல் நாலாவதையும் மாட்டிப் பார்த்தார். மோசம். திரும்ப மூன்றாவதையே போட்டு முடுக்கினார். வண்டி தண்ணீர் மாதிரி போகிறது. மேனேஜருக்குப் போன் செய்தேன். திங்கள் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்.

மூட்டைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது வண்டியிலேயே சொன்னேன்.

"அந்தப் பொட்ட நாந்தான் அழிச்சேன்."

"தெரியுமுங்க. துண்டத் தொவைச்சது நாந்தானுங்களே." கொஞ்ச தூரம் போன பிறகு, "எதுக்குன்னுதான் தெரியலீங்க."

"பாய் என்னைய ஒரு வார்த்த கேக்கல. எல்லாம் உன்னையவே கேட்டாரு."

சரசு என் பக்கம் திரும்பினாள்.

"என்னையக் கேட்டா உங்களக் கேட்ட மாதிரிதானுங்களே மாமா. நா அப்பிடித்தான் நெனச்சுட்டிருந்தேன்."

கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூட அப்படித் தோன்றியதில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கும் பொறாமையாக இருந்தது.